பெரும்பான்மையின் அதிகாரம் எங்கிருந்து வந்தது?

ஜனநாயகம் என்பது பெரும்பான்மையோரின் ஆட்சியே. பெரும்பான்மையோர் ஒன்றைத் தீர்மானித்தபின் அதை எதிர்த்துப் பேசுவோர் ஜனநாயகத்தையே எதிர்த்துப் பேசுகிறவர்கள். சிறுபான்மையோர் தமக்கெனப் பாதுகாப்புகள் கோருவது சமத்துவத்துக்கு மாறான சலுகையைக் கோருவதாகும். அப்பாதுகாப்புகளை நீதிபதிகளின் கையில் ஒப்படைப்பது மக்கள் தேர்ந்தெடுத்த சபைக்கு விலங்கு பூட்டுவதாகும் என்று ஒரு வாதம், கற்றோர் கல்லாதார் என்ற பேதமின்றி, இன்று எங்கும் கேட்கிறது. தேர்தல் மேடைகளில் இது முழங்கப்படுகிறது. பத்திரிகைகளில் தத்துவ வேடம் பூண்டு வருகிறது. நல்லெண்ணம் உடையவர்கள்கூட, பெரும்பான்மையின் முடிவுக்குக் கட்டுப்படுவதுதானே முறை என்று பெருமூச்சோடு இதை ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். இக்கொள்கை அடியோடு தவறு என்பதும், பெரும்பான்மைக்கு அதிகாரம் எந்த ஊற்றிலிருந்து சுரக்கிறதோ அந்த ஊற்றையே இது தூர்த்துவிடுகிறது என்பதும் என் துணிபு.

இதனை வெறும் தத்துவ விசாரணையாக நடத்த எனக்கு விருப்பமில்லை. இக்கொள்கை முழுமையாகப் பிரயோகிக்கப்பட்ட தேசம் ஒன்று நமக்கு அண்மையிலேயே இருக்கிறது. இலங்கையில் 1931-ஆம் ஆண்டிலேயே, ஆசியாவின் பிற நாடுகள் பெரும்பாலானவற்றுக்கு முன்னதாக, ஆண் பெண் இருபாலாருக்கும் வயது வந்தோர் வாக்குரிமை கிடைத்தது. சுதந்திரத்தின் பின்னர் ஆட்சிகள் தேர்தலால் மாறின; தோற்ற கட்சி பதவியை விட்டு இறங்கிற்று; எழுத்தறிவு மிகுந்திருந்தது; பத்திரிகைகளும் நீதிமன்றங்களும் இயங்கின. ஆதலால், அங்கே ஜனநாயகத்தின் உருவம் குறைபட்டிருந்தது, அதனால்தான் கேடு விளைந்தது என்று எவரும் சமாதானம் சொல்ல முடியாது. சட்டத்தின் வாயிலாக அங்கே நிகழ்ந்த அநீதி ஒவ்வொன்றும் முறைப்படி முன்மொழியப்பட்டு, விவாதிக்கப்பட்டு, வாக்கெடுக்கப்பட்டு, பெரும்பான்மையால் நிறைவேற்றப்பட்டது. எண்ணிக்கையே நியாயம் என்னும் கொள்கைக்கு அதைவிடத் தூய்மையான பரீட்சைக்களம் கிடைப்பது அரிது.

முதலில், எதிர்தரப்பு வாதத்தில் உள்ள உண்மையை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எண்ணிக்கையை இகழ்ந்து பேசியவர்களில் பலர் நீதியின்மேல் கொண்ட பற்றினால் பேசவில்லை. தங்கள் மேன்மை போய்விடுமே என்ற அச்சத்தினால் பேசினார்கள். இலங்கையின் அரசியலமைப்பை ஆராய வந்த டொனமூர் குழுவினர் வயது வந்தோர் வாக்குரிமையைச் சிபாரிசு செய்தபோது அதைக் கடுமையாக எதிர்த்தவர்களில் சர் பொன்னம்பலம் இராமநாதன் ஒருவர். செல்வமும் ஆங்கிலக் கல்வியும் படைத்த சிங்களப் பிரமுகர்களிலும் அவ்வெதிர்ப்பில் அவரோடு நின்றவர்கள் உண்டு. கூலிக்காரனுக்கும் பிரபுவுக்கும் ஒரே வாக்கு என்பது அவர்களுக்குச் சகிக்கவில்லை. ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் நெறி மனித குலம் எய்திய பெருஞ்சாதனைகளுள் ஒன்று. அதை அவமதிக்கும் எந்த வாதத்துக்கும் நான் துணைபோக மாட்டேன். பின்னாளில் ஜி. ஜி. பொன்னம்பலம் எழுப்பிய ஐம்பதுக்கு ஐம்பது கோரிக்கையையும் என்னால் ஆதரிக்க முடியாது. ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்திருந்த சிறுபான்மையினர் அனைவருக்குமாகச் சேர்த்துச் சபையில் பாதி இடங்களைக் கேட்பது, வாக்குக்கு வாக்கு சமம் என்ற நெறியையே வளைப்பதாகும். ஆட்சியில் தம் பங்குக்கு மேல் கேட்பது வேறு. பிறர் ஆளும்போது தம் அடிப்படை உரிமைகள் அழியாதிருக்கக் கேட்பது வேறு. முன்னதன் பிழையைக் காட்டிப் பின்னதை மறுப்பது, கடன் கேட்டவனையும் கூலி கேட்டவனையும் ஒரே கம்பால் விரட்டுவது போன்றதாகும்.

இனி, எண்ணிக்கைக்கு அந்த மதிப்பு எதனால் வந்தது என்று கேட்போம். நூறு பேரில் ஐம்பத்தொருவர் சொல்வதற்கு நாற்பத்தொன்பது பேர் ஏன் பணிய வேண்டும்? ஐம்பத்தொருவருக்கு அறிவு மிகுதி என்று எவரும் சொல்வதில்லை. அவர்களுக்குப் பலம் மிகுதி, ஆகவே பணிக என்றால், அந்த நியாயம் வழிப்பறிக்காரனுக்கும் உண்டு. தோற்றவன் மனமொப்பிப் பணிவதற்கு இரண்டு நம்பிக்கைகளே காரணம். இன்று என்னையும் ஒருவனாக எண்ணியவர்கள் நாளையும் என்னை எண்ணுவார்கள் என்பது ஒன்று. இன்று எதிர்ப்பக்கம் நிற்போரில் சிலரை வாதத்தாலும் அனுபவத்தாலும் என் பக்கம் திருப்பி நாளை நான் வெல்லக்கூடும் என்பது மற்றொன்று. வரி கூட்டலாமா, ரயில் பாதை போடலாமா, நெல்லுக்கு என்ன விலை என்ற விஷயங்களில் இவ்விரு நம்பிக்கைகளும் இயல்பாகவே நிலைத்திருக்கின்றன. ஏனெனில் அவ்விஷயங்களில் மனிதர்கள் அபிப்பிராயத்தால் பிரிகிறார்கள், அபிப்பிராயமோ மாறும் தன்மையது. ஆனால் மனிதர்கள் பிறப்பால் பிரிந்து வாக்களிக்கும்போது, வாதத்தால் எவரையும் பக்கம் மாற்ற இயலாது. எழுபது பேர் என்றும் எழுபது பேராகவும் முப்பது பேர் என்றும் முப்பது பேராகவுமே இருப்பார்கள். அந்த நிலையில் வாக்கெடுப்பு என்பது முன்கூட்டியே தெரிந்த விடையை ஒவ்வொரு முறையும் உரக்கப் படித்துக் காட்டும் சடங்காகிவிடுகிறது.

1948-ஆம் ஆண்டு நவம்பர் 4-ஆம் தேதி இந்திய அரசியல் நிர்ணய சபையில் அரசியல் சாசன நகலைச் சமர்ப்பித்துப் பேசிய டாக்டர் அம்பேத்கர் இந்த பேதத்தைத் தெளிவாகச் சுட்டிக்காட்டினார். இந்தியாவில் உள்ள பெரும்பான்மை சாராம்சத்தில் ஒரு சமூகப் பெரும்பான்மையே அன்றி அரசியல் பெரும்பான்மை ஆகாது என்றும், சிறுபான்மையினர் அதன் ஆட்சியை விசுவாசத்தோடு ஏற்றுக்கொண்டுள்ளனர் என்றும், பாகுபாடு காட்டாதிருக்கும் கடமையைப் பெரும்பான்மையோரே உணர வேண்டும் என்றும் அவர் அன்று சொன்னார். அவர் பேசிய பதினொரு நாட்களுக்குப் பின், அதே மாதம் 15-ஆம் தேதி, பாக் நீரிணைக்கு அப்பால் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. அதைத்தான் நான் விரிவாக ஆராய விரும்புகிறேன்.

அதற்கு முன்பே அடையாளங்கள் தெரியாமலில்லை. டொனமூர் அமைப்பின்படி சட்டசபை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தேர்ந்தெடுக்க, அத்தலைவர்களே மந்திரிகளாயினர். 1936-இல், ஒவ்வொரு குழுவிலும் சிங்கள அங்கத்தினர் பெரும்பான்மையாக அமையுமாறு உறுப்பினர்களைப் பகிர்ந்துகொண்டதன் விளைவாக, ஏழு மந்திரிகளும் சிங்களவராகவே வந்தார்கள். இதற்கான கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் கணிதப் பேராசிரியரான சி. சுந்தரலிங்கம் என்னும் தமிழரே என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அவரை நாம் மீண்டும் சந்திப்போம். எந்த விதியும் மீறப்படவில்லை. கூட்டலும் கழித்தலும் பிழையின்றிச் செய்யப்பட்டன. ஒரு சமூகம் முழுவதும் மந்திரிசபைக்கு வெளியே நின்றது.

இதை நினைவில் வைத்தே, அடுத்து வந்த சோல்பரி அரசியலமைப்பில் 29-ஆம் பிரிவு இடம்பெற்றது. ஒரு சமூகத்தினர்மீதோ மதத்தினர்மீதோ பிறருக்கு இல்லாத பாரத்தைச் சுமத்தும் சட்டத்தையும், பிறருக்கு இல்லாத நன்மையை ஒரு சாராருக்கு மட்டும் அளிக்கும் சட்டத்தையும் பாராளுமன்றம் இயற்றலாகாது. இயற்றினால் அது செல்லாது என்பது அப்பிரிவின் பொருள். இதை அந்நியர் திணித்த விலங்கு என்று பின்னாளில் இகழ்ந்தார்கள். ஆனால் 1945 நவம்பரில் சட்டசபையில் சிங்களத் தலைவர் டி. எஸ். சேனநாயக்க சிறுபான்மையோரைப் பார்த்து, எங்களால் உங்களுக்கு இடையூறு நேரும் என்று அஞ்ச வேண்டாம் என உறுதிகூறி ஆதரவு கேட்டார்; தமிழ், முஸ்லிம் உறுப்பினர் பெரும்பாலோரும் அவ்வுறுதியை நம்பி ஆதரவு தந்தனர். இலங்கைப் பெரும்பான்மையின் ஆளும் அதிகாரம் இவ்வாறு ஒரு வாக்குறுதியின்மேல், மறுதரப்பாரின் சம்மதத்தோடு, எழுப்பப்பட்டது. சம்மதத்தைப் பெற்றுக்கொண்டு நிபந்தனையைக் கைவிடுவது எந்தச் சாமானிய ஒப்பந்தத்திலும் மோசடி எனப்படும்.

இனி அந்த 1948-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வருவோம். மலைநாட்டுத் தோட்டங்களில் அப்போது ஏறத்தாழ எட்டு லட்சம் இந்தியத் தமிழர் இருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்கும், காப்பி நோயால் அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும், கங்காணிமாரால் திரட்டப்பட்டு மன்னார்க் கரையிறங்கிக் காட்டுவழி நடந்து சென்றவர்களும் அவர்களுடைய சந்ததியாருமே அவர்கள். நாட்டின் அந்நியச் செலாவணியில் பெரும்பகுதியை ஈட்டித் தந்த கரங்கள் அவர்களுடையவை. வாழ்ந்ததோ லயங்களின் ஒற்றை அறைகளில். 1947-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அவர்கள் வாக்களித்தார்கள். சௌமியமூர்த்தி தொண்டமான் உள்ளிட்ட தம் பிரதிநிதிகள் சிலரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளர்களுக்குத் துணை நின்றார்கள். மறு ஆண்டே 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் பிறந்திருக்க வேண்டும். அதற்கு அத்தாட்சியும் வேண்டும். லயத்து அறையில் பிறந்த குழந்தையின் தகப்பனுடைய பிறப்புக்கு எந்தப் பதிவேட்டைத் தேடுவது? அடுத்த ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவோருக்கென ஒரு சட்டம் வந்து, இடையறாத வதிவும் ஜீவனத்துக்கான வசதியும் நிரூபிக்கப்பட வேண்டும் என்றது. எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் மனுக்கள் போடப்பட்டன. ஏறத்தாழ 1,34,000 பேருக்கே இறுதியில் அனுமதி கிடைத்தது. 1949-ஆம் ஆண்டின் 48-ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜை அல்லாதார் வாக்காளர் ஆகார் என்று சொல்லி வேலையை முடித்தது. 1952-ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தமிழரின் பிரதிநிதி ஒருவர்கூடச் சபைக்கு வரவில்லை.

இங்கே நிதானித்து ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொகுதிகளின் எண்ணிக்கை ஜனத்தொகையைக் கொண்டும் நிலப்பரப்பைக் கொண்டும் நிர்ணயிக்கப்பட்டிருந்தது. வாக்கிழந்த தோட்டத் தொழிலாளர் அந்த ஜனத்தொகைக் கணக்கில் சேர்ந்தே இருந்தார்கள். அவர்களுடைய தலைகளை எண்ணி மலைநாட்டுக்குக் கிடைத்த இடங்களுக்கு, அவர்களுடைய வாக்குகளை எண்ணாமலே பிறர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். பெரும்பான்மையின் முடிவே மக்களின் முடிவு என்று வாதிப்போர் இந்த இடத்தில் எனக்கு விடை கூறட்டும்: மக்கள் என்போர் யார் என்பதையே பெரும்பான்மை தீர்மானிக்கலாம் என்றால், தன்னை எதிர்த்து வாக்களித்தோரை அடுத்த தேர்தலுக்குமுன் மக்களின் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, எஞ்சியோரின் பெரும்பான்மையை மக்களின் முடிவு என்று அழைப்பதற்கு எந்தத் தடை இருக்கிறது? உங்கள் கொள்கையில் எந்தத் தடையும் இல்லை. வாக்கெடுப்பின் முதல் நிபந்தனையாகிய வாக்காளர் பட்டியலே வாக்கெடுப்பின் பயனாக மாறிவிடும்போது, எண்ணிக்கை தன்னைத்தானே உற்பத்தி செய்துகொள்ளும் யந்திரமாகிவிடுகிறது. ஆகையால்தான், இன்னாருக்கு வாக்குண்டு என்பது வாக்குக்கு விடப்படக்கூடாத விஷயம் என்கிறேன். இது பெரும்பான்மைக்கு வெளியிலிருந்து போடப்பட்ட வேலியன்று, பெரும்பான்மை நிற்கும் தரை.

வடபகுதித் தமிழ்த் தலைவர்களின் நடத்தையையும் இங்கே விட்டுவைக்கலாகாது. ஜி. ஜி. பொன்னம்பலம் சேனநாயக்கவின் மந்திரிசபையில் சேர்ந்தார். தோட்டத் தொழிலாளரின் வாக்கு பறிபோன காலத்தில் அம்மந்திரிசபையிலேயே இருந்தார். இன்று மலைநாட்டானுக்கு நேர்வது நாளை நமக்கும் நேரும் என்று வாதித்து அவரைவிட்டுப் பிரிந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். நாள் கடந்தபோது அவருடைய வாதமே மெய்யாயிற்று.

29-ஆம் பிரிவு என்ன செய்தது என்று கேட்பீர்கள். கொடக்கன்பிள்ளை என்பவரின் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1953-இல் அம்மன்றம், தன் பிரஜைகள் யார் என்று வகுப்பது எந்தச் சட்டசபைக்கும் உரிய இயல்பான அதிகாரம் என்றும், இச்சட்டம் ஒரு சமூகத்தின்மீது பாரம் சுமத்துவதாகக் கொள்ள முடியாது என்றும் தீர்த்தது. சட்டத்தின் வாசகத்தில் தமிழர் என்ற பெயர் எங்கும் இல்லை. ஆனால் அதன் வலை எந்த மீனுக்கு அளந்து பின்னப்பட்டது என்பது ஊரறிந்த உண்மை. நீதிபதிகள் மக்கள் சபையை அடக்கி ஆண்டுவிடுவார்கள் என்று அஞ்சுவோர் இலங்கைச் சரித்திரத்தைப் படித்தால் ஆறுதல் அடையலாம். அங்கே நீதிமன்றங்களின் குற்றம் மிகையாகத் தலையிட்டதன்று. தலையிட வேண்டிய நாளில் கண்ணை மூடிக்கொண்டதே.

மொழி விஷயத்தில் எதிர்தரப்பாரின் வாதம் இதைவிட வலியது; ஆதலால் அதை அதன் முழு பலத்தோடு எடுத்துரைப்பதே முறை. ஆங்கில ஆட்சியில், ஆங்கிலம் கற்ற சிறு கூட்டத்தாரே உத்தியோகங்களைக் கைக்கொண்டிருந்தனர். அவர்களில் யாழ்ப்பாணத் தமிழர் தம் ஜனத்தொகைக்கு மிஞ்சிய விகிதத்தில் இருந்தனர். சிங்களம் மட்டும் அறிந்த கிராமத்துப் பிள்ளை தன் சொந்த நாட்டுக் கச்சேரியில் அந்நியனாக நின்றான். அந்த அநீதியைப் பெரும்பான்மை தன் வாக்கால் திருத்திக்கொண்டது தவறா என்று கேட்கிறார்கள். அநீதி உண்மைதான். ஆனால் தமிழ் மட்டும் அறிந்த கிராமத்துப் பிள்ளையும் அதே கச்சேரியில் அதே அந்நியனாகவே நின்றான் என்பதை ஏன் மறந்துவிடுகிறீர்கள்? பரிகாரம் என்னவென்று அக்காலத்தவர்க்குத் தெரியாமலும் இல்லை. சிங்களத்தை ஆட்சிமொழியாக்க ஜே. ஆர். ஜயவர்தன கொண்டுவந்த பிரேரணை, தமிழையும் சேர்த்துத் திருத்தப்பட்டு 1944-இல் சட்டசபையில் நிறைவேறியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த தனிச் சிங்களச் சட்டம் ஆங்கிலத்தால் விளைந்த அநீதியை ஒழிக்கவில்லை. அதைச் சிங்களவர் தோளிலிருந்து இறக்கித் தமிழர் தோளில் ஏற்றியது. 1956 ஜூன் 5-ஆம் தேதி அம்மசோதா சபைக்கு வந்த அன்று, காலிமுகத் திடலில் அமைதியாகச் சத்தியாக்கிரகம் இருந்த தமிழ்த் தலைவர்களைக் கும்பல் தாக்கியது. பின்னர் சபையில் 66 பேர் ஆதரித்தும் 29 பேர் எதிர்த்தும் வாக்களிக்க, மசோதா சட்டமாயிற்று. கொல்வின் ஆர். டி சில்வா, என். எம். பெரேரா போன்ற சிங்கள இடதுசாரிகள் அந்த 29 பேரில் இருந்தார்கள் என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். ஒரே மொழி என்றால் நாடு இரண்டாகும் என்ற எச்சரிக்கை அச்சபையிலேயே கொல்வின் வாயால் கூறப்பட்டது.

சட்டத்தை முன்மொழிந்த எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கவோ, 1926-இல் இலங்கைக்குச் சமஷ்டி அமைப்பே உகந்தது என்று பத்திரிகையில் எழுதியவர். தாம் செய்ததன் விளைவை அவர் அறியாதவர் அல்லர். 1957 ஜூலையில் செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் செய்து, தமிழ்ப் பகுதிகளில் பிரதேச சபைகளுக்கும் தமிழில் நிர்வாகத்துக்கும் இடம் தர இசைந்தார்; மறு ஆண்டு ஏப்ரலில், பிக்குகள் அவருடைய இல்லத்தின் முன் வந்து அமர்ந்து எதிர்த்தபோது, அந்த ஒப்பந்தத்தைக் கைவிட்டார். எண்ணிக்கையே இறுதி நியாயம் என்று ஒரு ஜன சமூகத்துக்குக் கற்பித்துவிட்டால், அதைக் கற்பித்த தலைவனே பின்னர் நியாயம் பேச முற்படும்போது அவனுக்குக் கேட்பார் இருப்பதில்லை.

கோடீஸ்வரன் என்னும் எழுதுவினைஞரின் வழக்கைச் சொல்லாமல் இவ்விஷயத்தை முடிக்க என் மனம் இடங்கொடாது. கேகாலைக் கச்சேரியில் பணிபுரிந்த அவர், சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்கு உட்பட மறுத்ததால் 1962-இல் அவருடைய சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 1964-இல் கொழும்பு மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிரெட்ஸர், தனிச் சிங்களச் சட்டம் 29-ஆம் பிரிவுக்கு முரணானது, ஆகவே செல்லாது என்று தீர்ப்பளித்தார். உச்ச நீதிமன்றமோ 1967-இல், அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக அரசின்மீது வழக்காட முடியாது என்ற காரணம் காட்டி அத்தீர்ப்பை ரத்து செய்து, மூலக் கேள்வியைத் தொடாமல் நகர்ந்தது. 1969-இல் பிரிவி கவுன்சில், வழக்காட முடியும் என்று சொல்லி, சட்டம் செல்லுமா என்ற கேள்வியை ஆராயுமாறு வழக்கைத் திருப்பி அனுப்பியது. அது ஆராயப்படவே இல்லை. 1971-இல் பிரிவி கவுன்சிலுக்கு மேன்முறையீடு செய்யும் உரிமை ஒழிக்கப்பட்டது. 1972 மே 22-ஆம் தேதி புதிய குடியரசு அரசியலமைப்பு வந்தபோது 29-ஆம் பிரிவே இல்லாமற்போயிற்று. சட்டத்தின் ஒவ்வொரு படியிலும் பத்தாண்டுக் காலம் ஏறி நின்ற ஒரு சாதாரண எழுதுவினைஞருக்கு, உன் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்ல நாட்டில் ஒரு நீதிமன்றமும் முன்வரவில்லை; அவர் நின்ற படிக்கட்டு பெயர்த்தெடுக்கப்பட்டது.

அந்த 1972-ஆம் ஆண்டு அரசியலமைப்பை இயற்றியவர்கள், மக்களின் ஆணை பெற்றோம் என்று இடைவிடாது சொன்னார்கள். ஆணை எத்தன்மையது? 1970-ஆம் ஆண்டுத் தேர்தலில் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி ஏறத்தாழ 37 விழுக்காடு வாக்குகள் பெற்று 91 தொகுதிகளை வென்றது. ஐக்கிய தேசியக் கட்சியோ அதைவிடச் சற்று அதிகமான வாக்குகள் பெற்றும் 17 தொகுதிகளே பெற்றது. சுதந்திரக் கட்சியோடு அதன் கூட்டணிக் கட்சிகளின் வாக்குகள் அனைத்தையும் சேர்த்தாலும் பாதிக்குச் சற்றுக் குறைவே. சபையிலோ மூன்றில் இரண்டு பங்குக்கு மிக அதிகம். தொகுதி முறை தருகின்ற பெரும்பான்மை பல சமயம் இத்தகையதுதான். அன்றாட ஆட்சிக்கு அது போதும், நான் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் ஒரு நாட்டு மக்கள் ஒருவரோடொருவர் செய்துகொண்ட மூல உடன்படிக்கையை அழிக்கும் உரிமையை, வாக்குகளில் பாதியைக்கூட எட்டாத ஒரு வெற்றியிலிருந்து பெற்றோம் என்பதை எப்படி ஏற்பது? அதன்படி சிங்களமே ஆட்சிமொழியாயிற்று. பௌத்தத்துக்கு முதன்மை ஸ்தானம் அளிக்கப்பட்டது. மொழி விஷயத்தில் தாங்கள் கொண்டுவந்த திருத்தம் தோற்கடிக்கப்பட்டபின் தமிழரசுக் கட்சியினர் நிர்ணய சபையை விட்டு வெளியேறியிருந்தனர். அந்த அரசியலமைப்பை உருவாக்கும் பொறுப்பை ஏற்ற மந்திரி, 1956-இல் எச்சரிக்கை விடுத்த அதே கொல்வின் ஆர். டி சில்வா. நேர்மையும் மேதையும் வாய்ந்த ஒரு மனிதர் எண்ணிக்கையின் இழுப்புக்கு இவ்வாறு ஆளானது, அக்காலச் சரித்திரத்தில் எனக்கு மிகுந்த துயரம் தரும் பகுதி.

சிறுபான்மைப் பாதுகாப்புகள் பிரிவினையை வளர்க்கும் என்பது எதிர்தரப்பாரின் கடைசி அரண். இதற்கு இலங்கையையும் இந்தியாவையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே விடை. இந்தியாவில் ஹிந்தி பேசுவோர் வேறெந்த மொழியினரையும்விடப் பெருந்தொகையினர். 1965 ஜனவரியில் ஹிந்தி தனி ஆட்சிமொழியாகும் கெடு நெருங்கியபோது, அன்றைய சென்னை ராஜ்யத்தில் மாணவர் கிளர்ச்சி வெடித்து உயிர்கள் பலியாயின. பின்னர் 1967-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஹிந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டசபைகளும் தீர்மானம் நிறைவேற்றினாலன்றி ஆங்கிலத்தின் உபயோகம் நிறுத்தப்படாது என்று ஏற்பாடாயிற்று. ஒரு சிறு மாநிலத்தின் சபை மறுத்தாலும் போதும். எண்ணிக்கையே நியாயம் என்போருக்கு இதைவிடப் பெரிய அபசாரம் இருக்க முடியாது. பிரிவினைக் கோரிக்கை என்ன ஆயிற்று? 1963 வரை திராவிட நாட்டுப் பிரிவினை பேசிய கட்சி, அதே 1967-இல் வாக்குப்பெட்டியின் வழியே ஆட்சிக்கு வந்து, இந்திய அரசியல் சாசனத்தின் பேரில் பிரமாணம் எடுத்தது. 1962-ஆம் ஆண்டுச் சீன யுத்தமும் பிரிவினைத் தடைச் சட்டமும் அம்மாற்றத்துக்குக் காரணங்களாயின என்பது மெய்யே. ஆயினும் மொழி அச்சம் நீங்காதிருந்தால் தடைச் சட்டம் ஒன்று மட்டுமே அந்தத் தீயை அணைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. இலங்கையிலோ வரிசை தலைகீழானது. 1949-இல் ஒரே நாட்டுக்குள் சமஷ்டி கேட்டுப் பிறந்த கட்சி, ஒப்பந்தங்கள் கிழிபட்டு, 29-ஆம் பிரிவு நீக்கப்பட்டு, கேட்ட எதுவும் கிடைக்காமல், 1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேற்றிய கூட்டணியில் முடிந்தது. பாதுகாப்பு கொடுத்த நாடு பிளவுபடவில்லை. மறுத்த நாடு பல்லாயிரக்கணக்கான உயிர்களைப் பலிகொண்ட யுத்தத்தில் விழுந்தது.

நான் சிறுபான்மைக்கு வக்காலத்து வாங்குவதாக எவரும் எண்ண வேண்டாம். ஏனெனில் ஒரு நாட்டில் சிறுபான்மையாக இருப்போர் தங்கள் ஊரில் பெரும்பான்மையாக இருக்கிறார்கள். கணிதப் பேராசிரியர் சுந்தரலிங்கத்தை மீண்டும் சந்திப்போம் என்றேனே, 1968-இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் அவரைச் சந்திக்கிறோம். தாழ்த்தப்பட்ட தமிழர் உள்ளே வந்து வழிபடாதபடி தடுத்து நின்றவர்களின் முன்னணியில் அவர் இருந்தார். அதற்காகத் தண்டனையும் பெற்றார். அவர்மீது பாய்ந்த சட்டம் 1957-ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம். அதை இயற்றியது சிங்களவர் பெரும்பான்மையாக இருந்த அதே பாராளுமன்றம். யாழ்ப்பாணத்துப் பெரும்பான்மையின் வழக்கத்தை வெளியிலிருந்து வந்த சட்டம் மீறலாமா என்று அன்று கேட்டவர்கள், கொழும்பில் தம்மை ஒடுக்கியவர்களின் வாதத்தையே தங்கள் வாயால் பேசினார்கள். 1990 அக்டோபரில் வடக்கு மாகாண முஸ்லிம்களை, யாழ்ப்பாண நகரில் இரண்டு மணி நேர அவகாசத்தில், விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். தலைமுறை தலைமுறையாக அம்மண்ணில் வாழ்ந்தவர்கள் உடுத்த துணியோடு புத்தளத்துக்கும் பிற இடங்களுக்கும் சென்றார்கள். தமிழர்பால் இழைக்கப்பட்ட அநீதியைப் பேசுகிற எவரும் இதைப் பேசாமல் விட்டால், அவர் கேட்பது உரிமை ஆகாது. தாம் பெரும்பான்மையாகும் நாளை மட்டுமே அவர் எதிர்பார்க்கிறார்.

தோட்டத் தொழிலாளரின் கதை பின்னர் என்ன ஆயிற்று என்பதைச் சொல்லி முடிக்கிறேன். 1964-இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்து, 9,75,000 நாடற்றோரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் பங்கிட்டுக்கொண்டனர். அந்த மக்களின் சம்மதம் கேட்கப்படவில்லை. எத்தனையோ குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறி, தாம் கண்டிராத தமிழ்நாட்டில் நீலகிரித் தோட்டங்களிலும் பிற இடங்களிலும் குடியேறின. இலங்கையில் நாடற்றோராகவே எஞ்சி நின்றவர்களுக்கு 2003 அக்டோபரில் இலங்கைப் பாராளுமன்றம் ஒருமனதாக ஒரு சட்டம் இயற்றிப் பிரஜாவுரிமை வழங்கியது. 1948-இல் அவர்களை நீக்கியதும் பெரும்பான்மை. 2003-இல் சேர்த்ததும் பெரும்பான்மை. எண்ணிக்கையே நியாயமானால் இரண்டும் சமமான நியாயம் என்றாகும். இடைப்பட்ட 55 ஆண்டுகளில் வாக்கும் நாடும் இன்றி லயத்து அறையில் பிறந்து அங்கேயே இறந்தவனுக்கு அநீதி எதுவும் நிகழவில்லை என்றுமாகும். கண்டிச் சிங்கள விவசாயி தன் சொந்த மண்ணில் அமிழ்ந்துபோவான் என்று 1948-இல் சொன்னார்கள். 2003-க்குப் பின் எந்தச் சிங்களக் கிராமம் அமிழ்ந்தது, எந்தச் சிங்களவருடைய மொழியும் மதமும் நிலமும் அதனால் குறைவுபட்டன என்று எடுத்துக்காட்டும் பொறுப்பு, பெரும்பான்மையின் முடிவுக்கு மேல் கேள்வியே இல்லை என்று வாதிப்போருடையது.